கிள்ளிப் பார்த்த தோட்டம்

முதல் நாள், காலை 9.10
ஏழாம் கண்ணாடி மாடம். காற்றழுத்தம் சீர். வெப்பம் இருபத்தாறு. கிழமை செவ்வாய், இந்தக் கிரகத்தில் எல்லா நாளும் செவ்வாய்தான். பதிவு செய்பவர் ஞானசௌந்தரி, தாவர வேதியியல், வயது ஐம்பத்திரண்டு. கேட்பவர்களிடம் நாற்பத்தெட்டு.

இந்தத் தோட்டம் இன்று என் பெயருக்கு மாறியது. முன்பு வைத்திருந்த அருமைராஜ் போன மாதம் சொல்லாமல் கொள்ளாமல் காணாமல் போனார். அப்போது மாற்றலாகிப் போன தண்ணீர்ப் பிரிவு அம்மாவோடு நிலாவுக்கு ஓடிவிட்டார் என்று குடியிருப்பில் பலமான பேச்சு. கிளப்பியது நான்தான்.

வறண்ட மண்ணில் தண்ணீரைத் தேடிப் போகும்படி, நகரும் தண்டோடு செடிகளை வளர்த்திருக்கிறார். துளசி, மருக்கொழுந்து, திருநீற்றுப்பச்சிலை, ஓமவல்லி, புதினா. எல்லாரோடும் அறிமுகம் செய்துகொண்டேன். அதாவது ஒவ்வொன்றிலும் ஓர் இலையைக் கிள்ளி, கசக்கி, முகர்ந்தேன். வாசனைச் செடியைக் கண்டு கையைச் சும்மா வைத்திருக்கும் தமிழச்சி இன்னும் பிறக்கவில்லை.

இரண்டாம் நாள், காலை 7.40
புதினா என் காலணி வரை வந்திருக்கிறது. ஓமவல்லியைக் கிள்ளக் கை நீட்டினேன். மருக்கொழுந்துத் தண்டு ஒன்று சுண்டுவிரலைச் சுற்றியது. கொஞ்சுகிறது என்று நினைத்தேன். இறுக்கியது, முறுக்கியது, கிள்ளி எடுத்துவிட்டது. விரலை உள்ளே இழுத்துக் கசக்கியது. மற்ற செடிகள் எல்லாம் அந்தப் பக்கம் சாய்ந்தன.

முகர்கின்றன.

கட்டுப் போட்டாயிற்று. இனிக் குரல் பதிவுதான்.

காலை 8.25
வெளியேற உரக்குழி வழியாகப் போனேன். அங்கே அருமைராஜின் பூட்ஸ் ஒன்று. உள்ளே கால் இருந்தது. ஒற்றைக் காலோடு யாரும் நிலாவுக்கு ஓடுவதில்லை. தண்ணீர்ப் பிரிவு அம்மாவிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும்.

கவாத்துக் கத்தரியால் வெட்டினேன். துளசியையும் வெட்டினேன், சாமி குத்தத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். வெட்ட வெட்ட மணம் ஏறுகிறது, மணம் ஏற ஏற மற்றவை வருகின்றன. வெட்டுப்பட்ட இலையின் மணம் அதன் கூக்குரல் என்று காலமெல்லாம் வகுப்பெடுத்தவள் நான். புதினா என் இடது கணுக்காலை ஒடித்தது. முருங்கைக்காய் ஒடிக்கிற சத்தம்.

வாசற்கதவின் உட்புறம் முழுக்கத் தண்டுகள். வெளியிலிருந்து யார் வேண்டுமானாலும் திறக்கலாம்.

காலை 9.05
கட்டுப்பாட்டு அறை: “தகவல் பதிவாகிவிட்டது. மீட்புக் குழு நாளை வரும்.”

ஆறாம் மாடத்துப் பிலோமினா அக்கா, தன் வண்டி ரேடியோவில்: “ஏளா சௌந்தரி, ஒரே சளி. ஓமவல்லி நாலு இலை பறிக்க வாரேன். கதவ நானே தொறந்துக்கிடுதேன்.”

நான்: “வராதீயக்கா. செடி ஆளக் கொல்லுது. எங்கால ஒடிச்சிட்டு.”

அக்கா: “போன மாசம் தண்ணித் தொட்டில மொதலைன்ன. நான் ஸ்டூல்மேல ஏறி நின்னேன். போளா.”

காலை 9.12
வண்டிப் புழுதி தெரிகிறது. கதவு திறந்தால் முதலில் அகப்படுவது அக்காவின் கழுத்துதான். என் வாயிலிருந்து உண்மை வந்தால் நம்ப ஆளில்லை. வேறு வழி பார்த்தேன்.

நான்: “அக்கா, நீங்க குடுத்துவிடுத மீன் கொழம்ப வந்த நாள்லேந்து கழிவுத் தொட்டிலதான் ஊத்துதேன். ஊருக்கே தெரியும். ஒங்க மருமவளும் சேந்துதான் சிரிச்சா.”

வண்டிப் புழுதி அடங்கியது.

அக்கா: “இனிமே எம் மூஞ்சில முழிக்காத.”

செல்லமாகக் கூப்பிடும் அந்த ‘ளா’வைப் போடவில்லை. வண்டி திரும்பிவிட்டது.

காலை 9.30
வலது கை முழங்கை வரை போயிற்று. திருநீற்றுப்பச்சிலை இப்போது காதருகே. மணம், சொல்லக் கூடாது, பிரமாதம்.

கண்டெடுப்பவருக்கு. கதவைத் திறக்காதீர்கள். வெளியிலிருந்தே காற்றை உறிஞ்சி எடுங்கள், எல்லாம் சாகட்டும். பிறகு ஆறாம் மாடத்துக்குப் போங்கள். அக்காவிடம் சொல்லுங்கள். அந்தக் குழம்பில் ஒரு சொட்டுக்கூட நான் கீழே