அட்டைப் பறவை பார்த்தது

ஏங்க,

முட்டை அவித்து மூடி வைத்திருக்கிறேன். இருவரும் சாப்பிட்டுவிட்டுக் கிளம்புங்கள். சாவி செருப்பு அலமாரிமேல்.

நேற்று நான் ஏன் கத்தினேன் என்று கேட்டீர்களே, குட்டியின் நோட்டைப் பாருங்கள். நூலகத்தில் அவள் படித்த படக்கதையின் பறவையை அட்டையில் வெட்டிக் கொடுத்தது, அதைக் கையில் எடுத்துக்கொண்டு ஊரில் ஐந்து இடம் சுற்றிப் பார்த்து நோட்டில் எழுதத்தான். நீங்கள் காலில் வெந்நீர் கொட்டிக்கொண்ட மாதிரி ஒரே காலையில் ஐந்து இடத்து வாசலிலும் நோட்டில் முத்திரை மட்டும் வாங்கிவிட்டு, "எல்லாம் ஆச்சு, அவ்வளவுதானே?" என்றீர்கள்.

'பறவை என்ன பார்த்தது?' என்ற கேள்விக்கு அவள் எழுதியிருக்கிறாள்:
மீன் காட்சியகம்: கதவு.
ரயில் அருங்காட்சியகம்: பச்சைக் கதவு.
பூங்கா: அப்பா முதுகு.

இதற்குமேல் நான் படிக்கவில்லை.

இன்று ரயில் அருங்காட்சியகம் மட்டும் போதும். முத்திரை வேண்டாம். உள்ளே போங்கள். பறவைக்கு இறக்கை கழன்றிருக்கிறது, ஒட்டிவிடுங்கள். பசை ஜன்னலோரம்.

குடை மறக்காதீர்கள்.

பி.கு.: பிள்ளை எதிரில் கத்தியது என் தப்புதான்.

இன்னொன்று: மருந்துக்கடையில் முதலாளியிடம் சொல்லிவிட்டேன், இன்று என்னை மூன்று மணிக்கே வேலையிலிருந்து விடுவார்கள். நேரே அருங்காட்சியகத்துக்கு வருகிறேன். வாசலில் தேடாதீர்கள், உள்ளே இருப்பேன்.