காரில் வாடாத எலுமிச்சம்பழம்

அன்பு மகன் ஜீவராஜுக்கு,

அலுவிகாரை வீட்டிலிருந்து அம்மா எழுதுகிறேன். இங்கே நானும் அப்பாவும் சுகம், உன் தங்கை ஹம்சிகாவும் அவள் வயிற்றுப் பிள்ளையும் சுகம், காரும் இப்போது சுகம். உன் சுகத்தை முத்துமாரியம்மனிடம் ஒப்படைத்திருக்கிறேன், அந்தக் கனடா குளிரில் காதை மூடிக்கொண்டு வெளியே போவதை மட்டும் நீ பார்த்துக்கொள். காரையும் சேர்த்துச் சொல்கிறேனே என்று சிரிக்காதே, சென்ற மாதம் இந்த வீட்டில் நோயாளி என்று இருந்தது அது ஒன்றுதான். போனில் சொல்லியிருக்கலாம், ஆனால் நான் போனில் பேசினால் அப்பா பக்கத்தில் நின்று ஒவ்வொரு வசனத்தையும் திருத்துவார், அதனால்தான் கடிதம்.

ஹம்சிகாவுக்கு நாள் நெருங்குவது உனக்குத் தெரியும். லக்கலையில் அவளும் மாப்பிள்ளை ரமேஸும் படிப்பிக்கிற பள்ளிக்கூடத்துக் குவாட்டர்ஸிலிருந்து மாத்தளை ஆஸ்பத்திரிக்கு வர நினைத்த நேரத்தில் பஸ் கிடையாது, பொழுது சாய்ந்தால் ரோட்டில் யானை நிற்கும், மாப்பிள்ளையிடம் இருப்பது ஒரு மோட்டார் சைக்கிள். டாக்டரம்மா முன்கூட்டியே வந்து தாய் வீட்டில் இருக்கச் சொல்லிவிட்டார். ஒரு வேனை ஹயருக்குப் பிடித்தால் முடிகிற காரியம். ஆனால் தேயிலைத் தோட்டத்தில் கணக்கப்பிள்ளையாக இருந்த காலமெல்லாம் துரையின் ஜீப் கிளப்பிய தூசிக்குப் பின்னால் நடந்த உன் அப்பாவுக்கு, முதல் பேரப்பிள்ளை சொந்தக் காரில்தான் வர வேண்டும் என்று ஒரு பிடிவாதம். நாவுலையில் ஒருவர் மலிவாகக் கொடுக்கிறார் என்று கேள்விப்பட்டுப் போய் வாங்கி வந்தார். சின்னக் கார், உன் வயது இருக்கும். பின் சீட்டில் கோழி அடைகாத்த அடையாளம் இருந்தது, விற்றவர் அதை மறைக்கவில்லை, நேர்மையான மனிதர். முன்பக்க கிரில் இல்லாததால் ரேடியேட்டர் வெளியே தெரிந்தது, அப்பா அதைக் காற்றோட்டம் என்றார்.

வழக்கப்படி பூசை வைத்து, சக்கரத்துக்கடியில் பழம் நசுக்கி, கண்ணூறு படாமல் இருக்க முன்னால் ஓர் எலுமிச்சம்பழத்தையும் பச்சைக் கொச்சிக்காயையும் நூலில் கோர்த்துக் கட்டினோம். அந்தக் காரைப் பார்த்து யார் கண் வைக்கப் போகிறார்கள் என்று நான் கேட்கவில்லை. முதல் வாரம் கார் ஒழுங்காகத்தான் ஓடியது. பிறகு ஒரு காலையில் குரங்கு வந்து பழத்தை நூலோடு பிடுங்கிக்கொண்டு போய்விட்டது. அப்பா அதைச் சொந்த அவமானமாக எடுத்துக்கொண்டு, வேலி கட்டி மிஞ்சிய கட்டுக்கம்பியில் புதுப் பழத்தைக் கோர்த்து, குறட்டால் முறுக்கி இறுக்கிவிட்டு, இனிக் குரங்கு என்ன, கோயில் யானை வந்து இழுத்தாலும் வராது என்றார். அது உண்மைதான். வரவில்லை.

அடுத்த சனிக்கிழமை ஹம்சிகாவைக் கூட்டிவரப் புறப்பட்டோம். ரத்தோட்டை தாண்டி ஏற்றம் தொடங்கியதும் சூட்டைக் காட்டுகிற முள் சிவப்புக்குப் போனது, பொனட்டிலிருந்து ஆவி கிளம்பியது, ரோட்டோரம் நிறுத்திவிட்டு வெகு நேரம் தேயிலையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். சூடு ஆறிய பிறகு, குடிக்கக் கொண்டுபோன தண்ணீர் முழுவதையும் ரேடியேட்டருக்குக் கொடுத்துவிட்டு வீடு திரும்பினோம். ஹம்சிகா போன் எடுத்தாள். "பையக் கட்டி வாசல்ல வச்சிட்டு உக்காந்திருக்கேன்மா, யான கூட சொன்ன நேரத்துக்கு வந்து எட்டிப் பாத்துட்டுப் போயிருச்சு" என்றாள். சிரித்துத்தான் சொன்னாள், கடைசியில் குரல் உடைந்தது எனக்குக் கேட்டது. அன்றிரவு நான் அப்பாவிடம், வருகிற வெள்ளிக்கு அடுத்த வெள்ளிக்குள் கார் மலையேறாவிட்டால் வேன் வரும், வாடகை என் டீச்சர் பென்சனில் போகும் என்று சொல்லிவிட்டேன். தோட்ட வேலையில் பென்சன் இல்லாத அவருக்கு அந்தச் சொல் வலிக்கும் என்று தெரிந்துதான் சொன்னேன்.

அப்பா ஆராய்ச்சியில் இறங்கினார். தண்ணீர் சொட்டுகிறதா என்று பார்க்க இரவில் காருக்கடியில் கார்ட்போர்ட் அட்டையை விரித்து வைத்து, விடிந்ததும் முழங்காலில் குனிந்து பார்ப்பார். அட்டை காய்ந்தே கிடக்கும். கார் ஒழுகவில்லை, தண்ணீரை இஞ்சின் குடிக்கிறது என்று முடிவு செய்தார். கராஜ் வைத்திருக்கிற ஷிஃபானைக் கூப்பிட்டோம், உன்னோடு கிரிக்கெட் ஆடிய அதே ஷிஃபான்தான். அவன் முதலில் ரேடியேட்டர் மூடியில் சந்தேகப்பட்டு அதை மாற்றினான். அடுத்த நாள் ஹோஸ் குழாய்களைச் சந்தேகப்பட்டான். பிறகு வாட்டர் பம்பின் மேல் பழி போனது. கடைசியில் இஞ்சினுக்குள்ளேயே ஹெட் கேஸ்கெட் போயிருக்குமோ என்று குரலைத் தாழ்த்திச் சொன்னான், ஆஸ்பத்திரியில் டாக்டர்மார் சொந்தக்காரர்களை ஓரமாகக் கூப்பிட்டுச் சொல்வார்களே, அந்த மாதிரி. ஆனால் புகையில் வெள்ளை இல்லை, ஒயிலில் தண்ணீர் கலக்கவில்லை. சும்மா தண்ணீர் ஊற்றினால் ஒழுகும் இடம் தெரியாது, பச்சைக் கூலன்ட் ஊற்றினால் கறை காட்டிக்கொடுக்கும் என்று அதை ஊற்றினான். அது நாக்குக்கு இனிக்குமாமே என்று அப்பா விரலை நீட்டினார். "ஐயா, அது நஞ்சு, காருக்கு முந்தி நீங்க போயிருவீங்க" என்று ஷிஃபான் கையைப் பிடித்துவிட்டான்.

இவ்வளவு பார்த்தவன் காரின் முன்பக்கத்தை மட்டும் சரியாகப் பார்க்கவில்லை. அங்கே குனியும்போதெல்லாம் எலுமிச்சம்பழத்தில் கைபடாமல் உடம்பை வளைத்துக்கொள்வான். "இது உங்க சாமிச் சாமான், எங்க கை படக்கூடாது, நீங்க கழட்டித் தந்தா நல்லம்" என்று ஒருமுறை கேட்டும் பார்த்தான். அப்பா, அது இருக்கட்டும் தம்பி, அது ஒன்றுதான் இந்தக் காரில் நன்றாக இருக்கிறது என்றார். அதற்கும் காரணம் இருந்தது. ஊரில் மற்ற வண்டிகளில் கட்டுகிற பழம் மூன்றாம் நாள் சுருங்கிக் கறுத்துவிடும், நம் கார்ப் பழம் மட்டும் மரத்தில் தொங்குவது போலப் பளபளவென்று இருந்தது. வெள்ளிக்கிழமை பழம் மாற்றுகிற வழக்கத்தையும் அப்பா நிறுத்திவிட்டார், அம்மன் குடியிருக்கிறாள், தொந்தரவு செய்யாதே என்றார். பக்கத்து வீட்டு நோனா அக்கா தெரு முழுக்கச் சொல்லி, ஒரு பின்னேரம் நாலைந்து பேரைக் கூட்டிவந்து காட்டினார். ஒருவர் பொனட்டின் மேல் பூ வைத்துவிட்டுப் போனார். மலையேறாத காருக்கு இவ்வளவு மரியாதை கிடைத்து நான் பார்த்ததில்லை.

கூலன்ட் ஊற்றி, கார் டவுனுக்கு ஒரு சுற்றுப் போய் வந்த மறுநாள் எறும்பு வந்தது. டயரில் ஏறி, பம்பர் வழியாக வரிசை பிசகாமல் பழத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. நோனா அக்கா "அனே டீச்சர், எறும்பும் கும்புட வருது பாருங்க" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். எனக்கு அது சரியாகப் படவில்லை. இத்தனை வருசம் சமையலறையில் எலுமிச்சம்பழம் வைத்திருக்கிறேன், ஓர் எறும்பும் அதைத் திரும்பிப் பார்த்ததில்லை. புளிப்புக்கும் கொச்சிக்காய்க்கும் வராத எறும்பு இனிப்புக்குத்தான் வந்திருக்க வேண்டும். ஷிஃபானைக் கூப்பிட்டு, அப்பா பத்திரிகை படிக்கிற நேரமாகப் பார்த்துக் குறட்டால் கம்பியை நானே கழற்றினேன். பழம் ஈரத்தில் பிசுபிசுவென்று இருந்தது. கம்பியின் நுனி, கிரில் இல்லாத இடத்தில் வேறு பிடிமானம் கிடைக்காமல், ரேடியேட்டருக்குள்ளேயே குத்திச் செருகப்பட்டிருந்தது. இழுத்ததும் பச்சைத் தண்ணீர் ஷிஃபானின் வெள்ளைச் சட்டையில் பாய்ந்தது. ரேடியேட்டர் சூடேறி அமுக்கம் கூடினால்தான் அந்தப் பொத்தலால் கசியுமாம், கசிந்தது கம்பி வழியாக வந்து பழத்தை நனைக்குமாம், குளிர்ந்தால் நின்றுவிடுமாம். இரவெல்லாம் அட்டை காய்ந்து கிடந்ததும், அம்மன் பழத்தில் குடியிருந்ததும் ஒரே காரணத்தால்தான்.

சத்தம் கேட்டு அப்பா வந்து நின்றார். கம்பியைக் கையில் வாங்கிப் பார்த்தார். பிறகு, இருந்தாலும் குரங்கு எடுக்கவில்லையே என்றார். ஷிஃபான் ரேடியேட்டரைக் கழற்றிக்கொண்டுபோய் ஈயம் வைத்து அடைத்து, வியாழக்கிழமை பின்னேரம் பூட்டிக் கொடுத்தான்.

வெள்ளிக்கிழமை காலையில் மறுபடி புறப்பட்டோம். பழம் இல்லாமல் வண்டியை எடுக்க அப்பாவுக்குக் கை வரவில்லை. கடைசியில் ஒரு புதுப் பழத்தை நான் மடியில் வைத்துக்கொள்வது என்று சமாதானமானோம். ரத்தோட்டை ஏற்றத்தில் அவர் ரோட்டைப் பார்க்காமல் முள்ளையே பார்த்தார், நான் அவருக்கும் சேர்த்து ரோட்டைப் பார்த்தேன். முள் அசையவில்லை. ஹம்சிகா வாசலில் அதே பையோடு உட்கார்ந்திருந்தாள். காரைக் கண்டதும் எழும்பவில்லை, அழுதாள், பிறகு கோழி வாசம் அடிக்கிறது என்றாள். திரும்பி வரும்போது வளைவுகளில் அவளுக்கு வயிற்றைப் புரட்டி முகம் வெளுத்துவிட்டது. புளிப்பாக ஏதாவது இருக்கிறதா என்று கேட்டாள். என் மடியைப் பார்த்தாள். அப்பா கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பழத்தை எடுத்து நகத்தால் கீறி மோந்து, பிறகு தோலோடு கடித்தாள். வீடு வரும்வரை ஒன்றும் ஆகவில்லை. அந்தக் காரில் இதுவரை கட்டிய பழங்களில் வேலை பார்த்தது அது ஒன்றுதான். அப்பா கேட்டுக்குள் காரை விட்டபிறகு "கொட்டையத் துப்புனியாம்மா" என்று மட்டும் கேட்டார்.

இப்போது அவள் உன் அறையில் படுத்திருக்கிறாள், டாக்டரம்மா எல்லாம் சரி என்கிறார், பிள்ளை உதைக்கிற உதையைப் பார்த்தால் அவனோ அவளோ கார் ஓட்டத்தான் பிறக்கப்போகிறது. நேரத்துக்குச் சாப்பிடு, டின் மீனையே நம்பி இருக்காதே. உன் புதுக் காரில் தொங்கவிட ஏதாவது அனுப்பச் சொன்னாயே, அம்மன் படம் ஒன்றை இதோடு வைத்திருக்கிறேன், உள்ளே கண்ணாடியில் ஒட்டு, முன்னால் எதையும் கட்டாதே, கட்டத்தான் வேண்டுமென்றால் நூலில் கட்டு. நீ நீண்ட ஆயுளோடு, நல்ல பெயரோடு, குளிரில் சளி பிடிக்காமல் வாழ அப்பாவும் நானும் வாழ்த்துகிறோம். இங்கே அப்பாவும் வெள்ளிதோறும் நூலில்தான் கட்டுகிறார், குரங்குக்கென்று தனியாக ஒரு பழத்தை மதிலில் வைக்கிறார். குரங்கு இரண்டையும் எடுத்துக்கொண்டு போகிறது. கார் நன்றாக ஓடுகிறது.

இப்படிக்கு,
உன் அன்பு அம்மா
லெ. சந்திரகாந்தா