அடி சுரண்டாத படகு

அன்புள்ள தம்பிக்கு,

நான் வாயை மூடிக்கொண்டு இருந்தது போதும். முதலில் நலம் விசாரிப்பதுதான் முறை, அதையும் செய்துவிடுகிறேன். நீ நலமாகத்தான் இருப்பாய். எந்தக் கூட்டத்தில் நின்றாலும் சட்டை கசங்காமல் வெளியே வருகிற பிறவி நீ. இங்கே எனக்கு இரத்த அழுத்தம், உன் அண்ணிக்கு முழங்கால் வலி. மற்றபடி குறையில்லை.

போன வாரம் உன் மனைவி அண்ணியிடம் போனில் பேசினாளாம். உன் மகள் உங்கள் ஏரியில் மிதவை வரை நீந்திப் போய்த் தொட்டுவிட்டாளாம். திரும்பி வரும் வழியில் தாகம் எடுத்து, அந்தத் தண்ணீரையே இரண்டு வாய் குடித்தாளாம். அண்ணி இதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். எனக்குச் சோறு இறங்கவில்லை. உனக்கு எழுதக்கூடாது என்று இத்தனை நாள் வைத்திருந்த வைராக்கியம் அந்த இரண்டு வாய்த் தண்ணீரில் கரைந்துபோனது.

விஷயம் இதுதான். எங்கள் ஏரி நிலையத்தின் ஆய்வுப் படகு அடுத்த வாரம் லாரியில் ஏறி, நீ அதிகாரியாக இருக்கும் உங்கள் ஏரிக்கு வருகிறது. கூட்டு ஆய்வு என்று பெயர். உனக்கு அழைப்பும் வந்திருக்கும், வரவேற்பு உரையைக்கூட நீ எழுதி முடித்திருப்பாய். அந்தப் படகைத் தண்ணீரில் இறக்கவிடாதே.

போனில் சொல்லியிருக்கலாமே என்பாய். போனில் நீ "சரிண்ணா, பாத்துக்கிறேன்" என்பாய். உன் "பாத்துக்கிறேன்" என்ன விலை என்று எனக்குத் தெரியும். தவிர, அலுவலகத்தில் என் போன் பேச்சை யார் கேட்கிறார்கள் என்பது எனக்கு இன்னும் தெளிவாகவில்லை. நான் ரிசீவரை எடுத்தால் அடுத்த அறையில் தட்டச்சு நின்றுவிடுகிறது.

எங்கள் ஏரி தெளிந்துவிட்டது என்று பத்திரிகைகளில் படித்திருப்பாய். பொய்யில்லை. நான் இங்கே சேர்ந்த காலத்தில், தெளிவை அளக்கும் வெள்ளைத் தட்டைக் கயிற்றில் கட்டி இறக்கினால், ஓர் ஆள் உயரம் போவதற்குள் பச்சைக்குள் மறைந்துவிடும். இப்போது இறக்க இறக்கத் தெரிகிறது, கயிறுதான் தீர்ந்துபோகிறது. கரையில் நின்றால் அடியில் கிடக்கும் பாட்டிலின் லேபிளைப் படிக்கலாம். ஊரே கொண்டாடுகிறது. எங்கள் இயக்குநருக்கு விருது, மாலை, போட்டோ. அவரை இங்கே எல்லோரும் புதுமாப்பிள்ளை என்றுதான் சொல்வார்கள். எந்நேரமும் யாரோ போட்டோ எடுக்கப்போவது போலவே உடுத்திக்கொண்டு வருவார்.

எனக்கு மட்டும் அன்றிலிருந்து தூக்கமில்லை. வயல்களிலிருந்து வரும் உரம் குறையவில்லை. ஊர்ச் சாக்கடையும் குறையவில்லை; நானே போய் வாய்க்கால் வாயில் நின்று பார்த்தேன். தின்கிற சோறு அப்படியே இருக்க, ஒருவன் திடீரென்று இளைத்தால் சந்தோஷப்படுவோமா, டாக்டரிடம் கூட்டிப்போவோமா? பச்சை எங்கே போயிற்று என்று நான் கேட்டேன். கேட்டது நான் ஒருவன்தான்.

விடை குடிநீர் நிலையத்தின் வாயிலில் கிடந்தது. ஏரியிலிருந்து தண்ணீர் இழுக்கும் குழாயின் வலையை மேலே தூக்கிய நாளில் நான் அங்கே இருந்தேன். வலைக்கண் தெரியாதபடி சிப்பி. விரல் நகம் அளவுதான், மேலே வரிவரியாகக் கோடு. ஒன்றின் முதுகில் ஒன்று ஒட்டி, கையால் பிய்த்தால் தோல் கிழிகிறது. இந்த ஏரியில் இதற்கு முன் அந்தச் சிப்பி கிடையாது. ஒவ்வொன்றும் நாள் முழுக்கத் தண்ணீரை உறிஞ்சி, பாசியைத் தின்றுவிட்டுத் தெளிந்த நீரை வெளியே விடுகிறது. மீன்குஞ்சு தின்னவேண்டிய நல்ல பாசி அதன் வயிற்றுக்குப் போகிறது. விஷமுள்ள நீலப்பச்சைப் பாசியை மட்டும் வேண்டாமென்று துப்பிவிடுகிறது. போட்டிக்கு ஆளில்லாமல் அது கோடை முடிவில் தனியாகப் பெருகுகிறது. வெளிச்சம் அடிவரை போவதால் அடியில் களை காடாக வளர்கிறது, பிறகு அழுகுகிறது. அழுகிய சேற்றில் நஞ்சு ஊறி, புழுவுக்கும் மீனுக்கும் போய், மீன் தின்னும் பறவைக்குப் போகிறது. பறவைகள் கழுத்தைத் தூக்க முடியாமல் தண்ணீரில் முகம் கவிழ்ந்து சாகின்றன. விடியும் முன் இரண்டு பேர் வந்து அவற்றைச் சாக்கில் அள்ளிக்கொண்டு போகிறார்கள். சுற்றுலாக்காரர்கள் எழுந்து வரும்போது கரை சுத்தமாக இருக்கும். அந்த இரண்டு பேருக்கும் சம்பளம் எந்தக் கணக்கில் வருகிறது என்று கேட்டேன். தோட்டப் பராமரிப்பாம்.

சிப்பியைக் காகிதத்தில் மடித்துக்கொண்டு போய் புதுமாப்பிள்ளையின் மேசையில் வைத்தேன். அவர் பேனாவால் அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "ஏரி அழுக்கா இருந்தப்பவும் குறை சொன்னீங்க. தெளிஞ்சா அதுக்கும் குறையா? உங்களுக்கு என்னதான் சார் வேணும்?" என்றார். அறையில் இருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். தேநீர் கொண்டுவந்தவன்கூட. மறுநாள் மாதிரிகள் வைக்கும் அறைக்குப் பூட்டு மாறியது. வலையை நான் எடுத்த படங்கள் என் கணினியில் இல்லை. நானே தவறுதலாக அழித்திருப்பேன் என்கிறார்கள். இருக்கலாம். ஆனால் மற்றதெல்லாம் இருக்க, அவை மட்டுமா?

இனி, அந்தச் சிப்பியை இங்கே கொண்டுவந்த படகு. அது புதுப் படகல்ல, வேறோர் ஏரியிலிருந்து வாங்கிய பழையது. வெளியிலிருந்து வரும் எந்தப் படகும் கரையில் ஏறி, காய்ந்து, வெந்நீரில் கழுவப்பட்ட பிறகே ஏரியில் இறங்கவேண்டும் என்று எங்களிடம் கண்டிப்பான விதி உண்டு. மீன்காரர்கள் அதற்காக எங்களைச் சபிக்காத நாளில்லை. அலுவலகப் படகு வந்த அன்றோ, மேலிடத்து ஆட்கள் பார்வையிட வந்திருந்தார்கள். லாரியிலிருந்து நேராகத் தண்ணீருக்குள் இறக்கி, சவாரி போய், கை ஆட்டினார்கள். வாயிற்காவலர் தயங்கியிருக்கிறார். "ஆபீஸ் படகையே ஆபீஸ் செக் பண்ணுமாய்யா?" என்று யாரோ அதட்டினார்களாம். யார் என்று கேட்டால் இப்போது அவருக்கு நினைவில்லை. உங்கள் ஏரியிலும் அதே விதிதான், அதே சலுகைதான். வெளியார் படகுக்குச் சோதனை, நம் படகுக்குச் சல்யூட்.

போன வாரம் படகைக் கரையேற்றி வண்ணம் அடித்தார்கள். நான் போய்ப் பார்த்தேன். அடிப்பாகம் பளபளவென்று நீலம், ஆனால் கை வைத்தால் முதலைத் தோல் மாதிரி. படகோட்டியைக் கேட்டேன். பக்கத்தில் யாருமில்லை என்று பார்த்துக்கொண்டு சொன்னான்: "அடியைச் சுரண்டினா குப்பை கூடைகூடையா வரும் சார், அதை எங்க கொட்றது? பாக்கிறவன் கேப்பான்ல? மேலயே அடிச்சிடுன்னுட்டாங்க." பிறகு, "நான் சொன்னேன்னு சொல்லிடாதீங்க, புள்ளகுட்டிக்காரன்" என்றான். வண்ணத்துக்கு அடியில் இருப்பவை செத்திருக்கும். எனக்குப் பயம் அவற்றைப் பற்றி இல்லை. இன்ஜினைக் குளிர்விக்கும் குழாய்க்குள் இருப்பவை, நங்கூரக் கயிற்று அறையின் ஈரத்தில் இருப்பவை, அடித்தட்டில் தேங்கிய தண்ணீரில் கண்ணுக்கே தெரியாமல் மிதக்கும் குஞ்சுகள், இவையெல்லாம் உன் ஊர் வரை சுகமாகப் பயணம் செய்யும். ஒருமுறை இறங்கிவிட்டால் முடிந்தது. உலகத்தில் எந்தப் பெரிய ஏரியிலிருந்தும் யாரும் அதை முழுக்க வெளியேற்றியதாக நான் படித்ததில்லை. உன் ஆயுளிலும் போகாது, உன் மகள் ஆயுளிலும் போகாது.

இதை அவர் வேண்டுமென்றே செய்கிறார் என்பது என் எண்ணம். எல்லா ஏரியிலும் சிப்பி வந்துவிட்டால், முதலில் எந்தப் படகு கொண்டுவந்தது என்று எவன் கேட்கப்போகிறான்? அண்ணியிடம் சொன்னேன். "அவ்ளோ தூரம் யோசிக்கிற மூளை அந்த ஆளுக்கு இருந்தா நீங்க எப்பவோ அவருக்குச் சலாம் போட்டிருப்பீங்க. சோம்பேறித்தனங்க, வேற ஒண்ணுமில்ல. உங்களுக்குப் பால் வெள்ளையா இருந்தாலே சந்தேகம்" என்றாள். அவள் சொல்வது சரியாகவும் இருக்கலாம். சதியோ சோம்பலோ, சிப்பிக்கு இரண்டும் ஒன்றுதான்.

மறைப்பானேன், உன்மேலும் சந்தேகம் இருக்கிறது. போன மாநாட்டில் நீயும் அவரும் தோளோடு தோள் நின்று கோப்பையுடன் சிரிக்கும் படம் எங்கள் வரவேற்பறையில் மாட்டியிருக்கிறது. நான் தினமும் அதைத் தாண்டித்தான் என் அறைக்குப் போகிறேன். உனக்கு எல்லாம் தெரிந்தே, கூட்டு ஆய்வில் உன் பெயரும் வருமென்று சும்மா இருக்கிறாயோ என்றுகூட நினைத்தேன். பிறகு மிதவை வரை நீந்திய பெண்ணை நினைத்தேன். தெரிந்திருந்தால் நீ சும்மா இருக்கமாட்டாய். அந்த அளவுக்கு உன்னை நம்புகிறேன். அதற்குமேல் கேட்காதே.

எங்கள் இயக்குநர் பதவிக்கு நேர்காணல் நடந்த நாளை நான் மறக்கவில்லை, நீயும் மறந்திருக்கமாட்டாய். தேர்வுக் குழுவில் நீ இருந்தாய். நான் உள்ளே வந்து உட்கார்ந்ததும் நீ எழுந்தாய். "இவர் என் அண்ணன், நான் இதில் இருக்கக்கூடாது" என்று சொல்லிவிட்டுக் கதவை மெதுவாகச் சாத்திக்கொண்டு போனாய். ஒரே வாக்கு வித்தியாசத்தில் புதுமாப்பிள்ளை வந்தார். விதிப்படி நீ செய்தது சரி. எல்லோரும் உன்னைப் பாராட்டினார்கள். அம்மாவும் பாராட்டினாள். நான் மட்டும் அந்தக் காலி நாற்காலியைப் பார்த்துக்கொண்டு ஏரி நீரின் கார அமிலத்தன்மை பற்றிப் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன்.

உன்னைத் தெரிந்ததால்தான் இதையும் யோசிக்கவேண்டியிருக்கிறது. இந்தக் கடிதத்தின் அடியில் என் பெயர் இருந்தால் நீ என்ன செய்வாய் என்று எனக்கு மனப்பாடம். எழுதியவர் என் அண்ணன், நான் இதில் முடிவெடுக்கக்கூடாது என்று குறிப்பு எழுதி, கடிதத்தை உதவி அதிகாரியிடம் தள்ளுவாய். அவர் விதிப்படி அதை எங்கள் இயக்குநரின் விளக்கத்துக்கு அனுப்புவார். விளக்கம் அழகான தாளில் வந்து சேர்வதற்குள் படகு உங்கள் ஏரியை இரண்டு சுற்று சுற்றியிருக்கும். "அவருக்குப் பதவி கிடைக்காத ஆத்திரம்" என்ற ஒரே வரியில் என் கதையும் முடிந்திருக்கும். ஆத்திரம் இருக்கிறதா என்றால், இருக்கிறது. அதனால் சிப்பி இல்லையென்று ஆகிவிடுமா?

நீ செய்யவேண்டியது சிறிய வேலை. லாரி வாயிலுக்கு வந்ததும் எந்தப் படகையும் நிறுத்துவது போல இதையும் நிறுத்து. அடியில் ஓரிடத்தில் வண்ணத்தைச் சுரண்டச் சொல். இன்ஜின் குழாயைக் கழற்றி உள்ளே விளக்கடித்துப் பார். நான் சொன்னது இல்லையென்றால் படகை இறக்கிக்கொள், மாலையும் போட்டுக்கொள், என்னைப் பைத்தியம் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொள். இருந்தால், கொதிக்கிற தண்ணீரைப் பாய்ச்சி, கோடை முடியும்வரை அது வெயிலிலேயே கிடக்கட்டும்.

உன் மகள் நன்றாக இருக்கட்டும். கரைக்கு எந்தப் பக்கம் போனாலும் அவள் காலைக் கிழிக்காத அடிமணல் அவளுக்கு இருக்கட்டும். தாகம் எடுத்தால் குடித்துக்கொள்ளட்டும்.

இந்தக் கடிதத்தில் கையெழுத்துப் போடப்போவதில்லை. அலுவலகத் தபால் தட்டிலும் வைக்கமாட்டேன். பஸ் நிலையத்துப் பெட்டியில் நானே போய்ப் போடுவேன். கையெழுத்தில்லாத கடிதத்துக்கு உறவு கிடையாது. எழுந்து வெளியே போக உனக்குக் காரணமும் கிடையாது. யார் எழுதியது என்று உன்னிடம் கேட்டால் தெரியாது என்று சொல். என்னிடம் கேட்டாலும் நான் அதையேதான் சொல்வேன்.

இந்த ஒரு முறை உட்கார்ந்திரு, தம்பி.