பொந்துக்குள் இருப்பவளுக்கு அத்திப்பழம்

என் அக்கா பெற்ற தங்கமே, கருப்பையா,

நீ போய் ஒரு வருஷம் ஆகிவிட்டது. நம் லயத்து வீடுகளில் யாருக்குக் கடிதம் வந்தாலும் உரக்க வாசிப்பவன் உன் மாமன். இதை மட்டும் யாருக்கும் வாசிக்காமல் உன் படையல் இலைக்கு அடியில் வைக்கிறேன். பசறைப் பக்கத்துத் தோட்டங்களில் இப்படி எழுத என்னை விட்டால் ஆள் கிடையாது. மூன்றாம் வகுப்போடு என்னை நிறுத்தியதே வாத்தியாரிடம் சரக்குத் தீர்ந்துபோனதால்தான்.

கீழ்மலைக் காட்டை வெட்டியபோது சாய்ந்த மரம் உன்னை நசுக்கியது. என் மடியில் கிடந்து என்ன சொன்னாய்? "மாமா, மேல முனியாண்டி காட்டையாச்சும் வெட்டாமப் பாத்துக்க. ஒன் வாய் அதுக்காச்சும் ஒதவட்டும்." சாகும்போதும் கிண்டலா உனக்கு?

உதவியது, மருமகனே. அந்தக் காட்டையும் அழித்துத் தேயிலை போடப் புது துரை உத்தரவிட்டதும் நேரே பங்களாவுக்குப் போனேன். என்னைக் கண்டதும் துரை எழுந்து நின்றார். நாற்காலியை நிழலுக்கு இழுக்க எழுந்தார் என்று கங்காணி சொல்வான், நம்பாதே. துரைக்குப் பறவை என்றால் பைத்தியம். அது எனக்குத் தெரியும்.

"அந்தக் காட்டுல நீலப் பறவை ஒண்ணு இருக்குதுங்க தொரை. வால் மட்டும் ரெண்டு மொழம்."

"நீ பார்த்ததா?"

"என் தோள்லயே வந்து ஒக்காந்துச்சுங்க!"

அன்றே கோடாலி நின்றது. மறுவாரம் காட்டைச் சுற்றி முள்கம்பி வந்தது. தோட்டத்து ஆள் எவனும் உள்ளே போகக் கூடாதாம்.

காட்டு விளிம்பில் மூன்று தரம் கைதட்டி, "ஐயா, வாரோம்" என்று கேட்டுத்தானே நீ நுழைவாய்? விழுந்த சுள்ளியைத் தவிர எதையும் தொடமாட்டாய். அது முனி குடியிருக்கிற வீடு என்பாய். இந்த ஆடியில் அவருக்கு விளக்கும் இல்லை, பொங்கலும் இல்லை.

துரை மட்டும் தினமும் துப்பாக்கியோடு போகிறார். நீலப் பறவை அகப்படவில்லை. அகப்படுவதையெல்லாம் சுட்டு, தோலுரித்து, பஞ்சடைத்துக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்கிறார்.

"ஏன் தொரை கொல்றீங்க?" என்று கேட்டேவிட்டேன்.

அவர் கோபப்படவில்லை. "கொல்றது இல்லை, காப்பாத்துறது. காடு எல்லாம் போகும். இது நூறு வருஷம் இருக்கும்."

அந்த முகத்தில் பொய் இல்லை, கருப்பையா. பொய்யில் எனக்குத் தெரியாததா? அதுதான் என்னைப் போட்டு வாட்டுகிறது. நீயும் காப்பாற்றச் சொன்னாய், அவரும் காப்பாற்றுகிறேன் என்கிறார். இரண்டும் ஒன்றா?

போன வாரம் அந்தப் பெரிய மூக்குப் பறவையைச் சுட்டுவிட்டார். பெட்டையைப் பொந்துக்குள் விட்டு வாயிலைப் பூசி அடைத்து, சின்னக் கீறல் வழியாக இரை ஊட்டுமே, அந்த ஆண். அதை அண்ணாந்து பார்த்து நின்று கங்காணியிடம் எத்தனை ஏச்சு வாங்கியிருப்பாய்! இப்போது அது பெட்டிக்குள் கண்ணாடிக் கண்ணோடு உட்கார்ந்திருக்கிறது. பெட்டை இன்னும் பொந்துக்குள்.

காலையில் பேர் கூப்பிடுகிற பெரட்டுக்கு ஆள் கூடுமுன் கம்பிக்கு அடியில் நுழைகிறேன். கைதட்டினால் காவல்காரனுக்குக் கேட்கும், அதனால் வாய்க்குள்ளேயே "ஐயா, வாரோம்" என்கிறேன். மூங்கில் நுனியில் அத்திப்பழம் குத்திப் பொந்துக்கு நீட்டினேன். முதல் இரண்டு நாள் சீந்தவில்லை. மூன்றாம் நாள் கீறலில் மூக்கு தெரிந்தது. இருபது பழம் தின்றது. சரி, இரண்டு.

நீலப் பறவை பொய் என்று சொல்லிவிட்டால் துப்பாக்கி நிற்கும், கோடாலி திரும்ப வரும். சொல்லாவிட்டால் காடு நிற்கும், உள்ளே எது மிஞ்சும்? அந்தத் துப்பாக்கியை உள்ளே கூட்டிப்போனது என் வாய்தானே?

உனக்கு வாக்குக் கொடுக்கிறேன். அவள் குஞ்சுகளோடு பொந்தை உடைத்து வெளியே வருகிற அன்று பங்களாவுக்குப் போய், பறவையும் இல்லை, வாலும் இல்லை என்று சொல்லி, முனிக்காகக் காட்டைக் கேட்பேன். கொடுப்பாரா, தெரியாது. ஒரு பொய்கூட இல்லாமல் வெறுங்கையோடு அந்தப் படி ஏறுவேன்.

அதுவரை தினம் இரண்டு பழம். இரண்டுதான், மருமகனே. கூட்டிச் சொல்லவில்லை.

உன் அம்மாவோடு பிறந்த,
உன் வாயாடி மாமன்
வீராசாமி