கலை அக்காவின் நாவல் எந்தக் கடையில் கிடைக்கும்?

சுவருக்கு அந்தப் பக்கமிருந்து கூப்பிட்டாலே "என்னடி?" என்று கேட்கும் என் கலை அக்காவுக்கு,

உன் நாவல் வெளியே வந்துவிட்டது. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

தட்டச்சு, பிழை பார்த்தது, அட்டை எல்லாம் நீ இருக்கும்போதே வடலூரில் என் ஜெராக்ஸ் கடையில் உட்கார்ந்து நாம் இருவரும் முடித்ததுதான். மின்னூலை எங்கே கொடுப்பது, எப்படிக் கொடுப்பது என்பதை மட்டும் ஆஸ்பத்திரியிலிருந்து வந்து பேசிக்கொள்ளலாம் என்றாய். நீ வரவில்லை. அந்தப் பேச்சு எனக்கும் உன் வீட்டுக்காரர் சேகர் அண்ணனுக்கும் வந்து சேர்ந்தது.

எல்லா ஆன்லைன் கடைகளிலும் வைத்துவிட்டு, கேட்கிறவர்களுக்குச் சும்மாவும் அனுப்ப எனக்கு ஆசை. நீ எழுதியது நம் கம்பெனி குவார்ட்டர்ஸ் ப்ளாக்கில் குடியிருந்தவர்களைப் பற்றி. ரிட்டயர் ஆனதும் குவார்ட்டர்ஸைக் காலிசெய்து ஆளுக்கொரு ஊராகப் போனவர்கள். அவர்கள் படிக்க வேண்டாமா?

அண்ணன் ஒப்பவில்லை. இருப்பதிலேயே பெரிய கடைக்கு மட்டும் கொடுத்தால், சந்தா கட்டிப் படிக்கிற எல்லோருக்கும் புத்தகத்தை எடுத்துக் காட்டுவார்கள் என்று விசாரித்து வைத்திருந்தார். ஆனால் மூன்று மாதம் வேறு எங்கேயும், இலவசமாகக்கூட, தரக் கூடாது. அது அவர்கள் நிபந்தனை.

"சும்மா குடுத்தா யாரு மதிப்பாங்க? அவ பேரு அந்த லிஸ்ட்ல மேல வரணும் சுபைதா" என்றார். உன் பெயருக்காகப் பேசுகிறவரிடம் நான் என்ன வாதாட? சம்மதம் என்ற கட்டத்தில் டிக் போட்டேன்.

அவர் நினைத்தது நடந்தது. கொஞ்ச நாள் உன் பெயர் அந்தப் பட்டியலில் மேலேயே இருந்தது. முகம் தெரியாதவர்கள் நட்சத்திரம் போட்டார்கள். அண்ணன் அதைப் படம் எடுத்துத் தெரிந்தவர்களுக்கெல்லாம் அனுப்பினார். நம்மவர்கள்தான் திண்டாடினார்கள். நாகர்கோவில் போன மேரி அக்கா, கடை ஏதோ கார்டு கேட்கிறது, எனக்கு ஏது கார்டு என்றார். சேலத்திலிருந்து ஒருவர், மகன் லீவில் வந்து வாங்கித் தருவான் என்று காத்திருந்தார். நிபந்தனையைச் சொல்லச் சொல்ல எனக்கே வாய் கசந்தது.

குறிஞ்சிப்பாடியில் வீடு கட்டிக்கொண்டு போன வசந்தா அக்கா யாரிடமும் கேட்கவில்லை. பஸ் ஏறி நேராக என் கடைக்கு வந்துவிட்டார். என் போனைக் கொடுத்து உட்காரவைத்தேன். அவர் பாட்டுக்குச் சிரித்துக்கொண்டு படித்தார். அந்த நேரம் பார்த்து அண்ணன் ஆதார் நகலெடுக்க வந்தார்.

"ஒங்க கததான் படிச்சிகினு இருக்கேன். வூடு மாறி வந்தீங்களே, அது" என்றார் வசந்தா அக்கா.

"எந்தக் கதை?" என்று கேட்டார் அண்ணன்.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. எந்தக் கடையில் விற்பது என்று இத்தனை பேசிய மனிதர், புத்தகத்தைத் திறக்கவே இல்லை.

வசந்தா அக்கா சத்தமாகப் படித்துக் காட்டினார். புதுசாகக் கல்யாணமான ஒருவர் நைட் ஷிஃப்ட் முடிந்து வருகிறார். எல்லா வீடும் ஒரே அச்சு. வரிசை மாறி வேறு வீட்டுக்குள் போய், தலை நிமிராமல் உட்கார்ந்து காபி கேட்கிறார். அந்த வீட்டு அம்மாவும் கொடுக்கிறார். குடித்து முடித்து டம்ளரை நீட்டும்போதுதான் முகத்தைப் பார்க்கிறார்.

"எல்லாம் சரிதான். காபின்னு எழுதி வெச்சிருக்கா. நான் குடுத்தது மோருங்க" என்றார் வசந்தா அக்கா.

அண்ணன் அவர் கையிலிருந்த போனை எட்டிப் பார்த்தார். பிறகு, "காபிதான். சக்கரை கம்மி" என்றார். சிரித்தார். சிரித்துக்கொண்டிருக்கும்போதே கண் நிறைந்துவிட்டது.

"என்னால தொறக்க முடியல சுபைதா. அட்டையப் பாத்துட்டு மூடிடுவேன்."

இது உனக்குத் தெரிந்திருக்குமா அக்கா? தெரிந்துதான் அவரை அதில் அப்படி ஆசையாக எழுதி வைத்தாயா?

வசந்தா அக்காவை பஸ் ஏற்றிவிட்டு வந்து, அண்ணன் அந்த மூன்று மாதம் எப்போது முடிகிறது என்று கேட்டார். நாம் சும்மா இருந்தால் அதுவாகவே இன்னொரு மூன்று மாதம் நீண்டுவிடும் என்றேன். "நீள வேணாம்" என்றார். என் பக்கத்தில் நின்று அந்த டிக்கை எடுக்கவைத்தார்.

கெடு முடிந்ததும் மற்ற கடைகளிலும் ஏற்றினோம். பெரிய கடையிலும் இருக்கிறது. வாங்க முடிந்தவர்கள் வாங்கட்டும். நகலெடுக்க முடியாதபடி பூட்டு எதுவும் போடவில்லை. நம் ப்ளாக்குக்காரர்களுக்கு அண்ணனே ஒவ்வொருவராகப் போன் செய்து, சௌக்கியம் விசாரித்து, மின்னூலை அனுப்பினார். மேரி அக்கா தன் மாமியாருக்குத் தினமும் வாசித்துக் காட்டுகிறாராம். சேலத்துக்காரர் தன்னைப் பற்றி ஒரு வரிகூட இல்லையே என்று கோபமாகப் பேசினார். நான் உன் சார்பில் மன்னிப்புக் கேட்டேன். பட்டியலில் இப்போது உன் பெயர் கீழே இறங்கிவிட்டது. அண்ணன் பார்ப்பதில்லை.

அவருக்குப் பெரிய எழுத்தாக வைத்துக் கொடுத்திருக்கிறேன். காலையில் கொஞ்சம் படிக்கிறார். பாதிக்கு வந்துவிட்டார். வேகமாகப் படித்தால் தீர்ந்துவிடும் என்கிறார். நாவலில் வரும் அந்தக் கணவனும் மனைவியும் கடைசியில் குவார்ட்டர்ஸ் சாவியை ஒப்படைத்தார்களா என்று நேற்று வந்து கேட்டுவிட்டு, நான் வாயைத் திறப்பதற்குள், "வேணாம், சொல்லாத" என்று எழுந்து போய்விட்டார்.

சொல்ல மாட்டேன் அக்கா. அவர் எத்தனை மெதுவாகப் படித்தாலும், கடைசிப் பக்கத்தை நீயே அவருக்குச் சொல்கிறவரை நான் வாய் திறக்க மாட்டேன்.

உன் கூடப் பிறக்காத தங்கை,
சுபைதா