வில்லியனூரில் நீ சொன்ன உண்மை

அடுத்த வீட்டுப் பெண் மலையேறப் போய்விட்டு வந்து, முதுகுப் பையை எங்கள் மதில்மேல் உலர்த்தியிருந்தாள். மழையில் ஊறிய துணி, காலை வெயில் பட்டதும் ஒரு மக்கல் வாடை விட்டது. பல் துலக்கிக்கொண்டிருந்தவன் அப்படியே நின்றுவிட்டேன். பட்டாளத்திலிருந்து உன் சித்தப்பா கொண்டுவந்து கொடுத்த பச்சைக் கித்தான் பையிலும் இதே வாடைதான் அடிக்கும். நீ போய் ஒரு வருடமாகிறது. உனக்கு எழுத வேண்டும் என்று இதுவரை தோன்றவில்லை. இன்று தோன்றியது.

எமர்ஜென்சி முடிந்த அடுத்த கோடை அது. நீ கத்தோலிக்கச் சாமியாராவதற்குக் குருமடத்தில் படித்துக்கொண்டிருந்தாய். நான் பட்டப்படிப்பு முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்தேன். செஞ்சிக் கோட்டையில் சந்தித்து, வில்லியனூர், பாகூர், சிதம்பரம் எனப் பழைய ஊர்களில் தங்கித் தங்கி, விருத்தாசலம் பக்கத்து நம் ஊருக்குப் போய்ச் சேர்வது என்று திட்டம். விடுமுறைக்கு வீடு திரும்புகிறாய் என்றுதான் நினைத்திருந்தேன்.

விழுப்புரத்தில் பாசஞ்சர் ஏறி வில்லியனூரில் இறங்கினோம். பிரெஞ்சு கவர்னரே தேர்வடம் பிடித்த ஊர் என்று படித்துவிட்டுப் போயிருந்தேன். போன நேரத்தில் தேரடியில் ஆடுகள் படுத்திருந்தன. சிவன் கோயில் நடை சாத்தியிருந்தது. வெயிலில் அலைந்து, மாதா கோயில் குளத்தில் கால் நனைத்து, பக்கத்துத் தெருவில் தங்க இடம் கேட்டோம். ரொசாலியம்மா தன் வீட்டு முன்னறையைக் கொடுத்தார். நம்மைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவராக இருப்பார். புருஷன் டவுனில் மில் வேலை; காணி நிலத்தை அவரே பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளறையில் அவருடைய மாமனார் படுக்கையில் கிடந்தார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் சைகோன் வரை போய்வந்தவர். சிப்பாய் என்பதற்கான பிரெஞ்சுச் சொல்லால், தெருவே அவரை ‘சொல்தா’ என்றுதான் சொல்லும்.

“நீங்க இன்னா பண்றீங்க?” என்று அந்த அம்மா கேட்டபோது, “குருமடத்துல படிக்கிறேன்” என்றாய். அன்று இரவுச் சோற்றோடு உனக்கு மட்டும் ஒரு முட்டை கூடுதலாக வந்தது.

மறுநாள் மதியம் நாம் பாகூருக்குக் கிளம்பப் பையைக் கட்டிக்கொண்டிருந்தோம். ரொசாலியம்மா வாசற்படியில் வந்து நின்றார்.

“சாமி, மாமாவுக்கு மூச்சு வாங்குது. பங்குச் சாமியாரு பாகூர் பக்கம் பூட்டாரு. கொழுந்தன் சைக்கிள்ல போயிருக்காரு. அதுக்குள்ள இன்னாவாவது ஆயிட்டா? நீங்க வந்து அவஸ்தை பூசிடுங்க.”

சாகக் கிடப்பவருக்கு எண்ணெய் பூசிச் செபிக்கும் சடங்கு அது என்று பிறகுதான் எனக்கு விளங்கியது.

“நான் இன்னும் சாமியார் ஆகலம்மா. அதைச் செய்யக்கூடாது.”

“ஆகப் போறவருதானே. அது போதும்.”

நீ பையின் வாரைப் பிடித்தபடி நின்றாய். அந்த இடத்தில் தலையாட்டியிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது.

“ஆகப் போறதும் இல்லம்மா. விட்டுட்டு வந்துட்டேன்.”

எனக்கே அது அப்போதுதான் தெரியும். ரொசாலியம்மா உன்னை ஏற இறங்கப் பார்த்தார். நேற்றைய முட்டை என் நினைவுக்கு வந்தது.

“செபம் தெரியுமில்ல?”

“தெரியும்.”

“அப்ப வா தம்பி” என்று சொல்லிவிட்டு உள்ளே நடந்தார்.

சொல்தா கண் திறந்துதான் இருந்தார். கட்டிலோரம் முட்டி போட்டு நீ செபம் சொல்ல, ரொசாலியம்மா சேர்ந்து சொன்னார். நான் கதவடியில் நின்றிருந்தேன். செபம் முடிந்ததும் கிழவர் உன் மணிக்கட்டைப் பிடித்து, தன் பாவங்களைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்ய வேண்டும் என்றார்.

“ஐயா, நான் சாமியார் இல்ல. என்கிட்ட சொன்னா அது செல்லாது.”

“காதுல வுழுந்துது. செல்ல வேணாம். கேட்டுக்க.”

எங்களை வெளியே அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினாய். நானும் ரொசாலியம்மாவும் கூடத்தில் உட்கார்ந்திருந்தோம். உள்ளேயிருந்து முனகல் போலக் கிழவரின் குரல் மட்டும் வந்துகொண்டிருந்தது. உன் குரல் ஒருமுறைகூடக் கேட்கவில்லை. வெயில் தாழ்ந்த பிறகு சாமியார் வேர்த்து விறுவிறுத்து வந்து சேர்ந்தார். எண்ணெய் பூசினார். கிழவர் அமைதியாக ஏற்றுக்கொண்டார். மறுநாள் விடிவதற்குள் இறந்துவிட்டார். அடக்கத்துக்கு நின்று, நீயும் ஒரு தோள் கொடுத்தாய். பாகூரையும் சிதம்பரத்தையும் விட்டுவிட்டு நேராக ஊருக்குப் போனோம்.

பஸ்ஸில் கேட்டேன், “வீட்டுல எப்படிச் சொல்லப்போற?”

“அந்த அம்மாகிட்ட சொன்ன மாதிரிதான்” என்றாய்.

அப்படியேதான் சொன்னாய். உன் அம்மா முறத்திலிருந்த அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே இருந்தார். முறத்தைக் கீழே வைத்துவிட்டு, “அங்க சாப்பாடு ஒத்துக்கலையா?” என்றார். நீ சிரிக்கப்போய் அழுதுவிட்டாய்.

பிறகு லாரி ஆபீஸ் வேலை, கல்யாணம், இரண்டு பெண்கள், புதுச்சேரியில் வாடகை வீடு என்று உன் காலம் ஓடியது. சொல்தா என்ன சொன்னார் என்று பல தடவை கேட்டிருக்கிறேன். கல்லறைத் திருநாளுக்கு நீ வில்லியனூர் போனபோது ரொசாலியம்மாவும் கேட்டாராம். “அது அவரோடதும்மா” என்று மட்டும் சொன்னதாக நீயே சொன்னாய். எனக்கு அந்தப் பதில்கூடக் கிடைக்கவில்லை, பேச்சை மாற்றிவிடுவாய். உள்ளூர உன்மேல் கோபம், சொல்தாமேல் கொஞ்சம் பொறாமையும்தான்.

என் மகன் சண்டை போட்டுக்கொண்டு வீட்டை விட்டுப் போன வருடம், ஞாயிறுதோறும் உன் வீட்டு மாடிக்கு வந்தேன். வெளியே எல்லோரிடமும், போனால் போகட்டும் என்று வீறாப்பாகப் பேசிக்கொண்டிருந்தேன். உன் மாடியில் உட்கார்ந்து அழுதேன். நீ ஆறுதல் எதுவும் சொன்னதில்லை. நான் முடிக்கும் வரை இருந்துவிட்டு, கீழே போய் டீ கொண்டுவருவாய். மகன் இரண்டு வருடம் கழித்துத் திரும்பி வந்தான். அதன் பிறகும் நீ அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை.

போன வருடம் உன் காரியம் முடிந்து உறவுக்காரர்கள் கிளம்பிய பிறகு, உன் மனைவி எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார்.

“ஒரு வருஷம் ஞாயித்துக்கெழமையானா வருவீங்களே அண்ணே. மாடியில ரெண்டு பேரும் அப்படி இன்னாதான் பேசினு இருந்தீங்க? கேட்டா சீட்டாடினோம்னு சொல்லுவாரு.”

உனக்குச் சீட்டில் ராஜா எது, ராணி எது என்றுகூடத் தெரியாது. சொல்தாமேல் எனக்கிருந்த பொறாமை அந்த இடத்தில் போயிற்று.

இப்போது என்னிடமும் சிலர் வந்து உட்காருகிறார்கள். ஓய்வு பெற்றவனுக்கு நேரம் இருக்கும் என்று வருகிறார்கள் போலும். குறுக்கே பேசாமல் கேட்கிறேன். உன் அளவுக்கு வரவில்லை. அவர்கள் போனதும் பாதியை மனைவியிடம் சொல்லிவிடுகிறேன். மீதிப் பாதியை வைத்துக்கொள்கிறேன்.