இல்லாத புத்தகத்தின் வரி

2024 அக்டோபர் 7
புராஜெக்டுக்கு நான் கேட்ட தலைப்பே கிடைத்துவிட்டது: பொழியூரில் கடலரிப்பு. எங்கள் வீட்டைக் கடல் எடுத்த கரை. என் தோழி ரேஷ்மிக்கும் அதே தலைப்பு. தனித்தனியாக எழுத வேண்டும். வழிகாட்டி புஷ்பபாய் டீச்சர் ஆறு ரெஃபரன்ஸ் நூல்களின் பெயரை வாட்சப்பில் அனுப்பினார்.

அக்டோபர் 19
திருவனந்தபுரம் போய் லைப்ரரிகளில் தேடினேன். ஐந்து கிடைத்தன. டீச்சர் முதலில் போட்டிருந்த ‘தென்கரை மணலும் மனிதரும்’ மட்டும் எங்கும் இல்லை. லிஸ்டில் இருந்த பதிப்பகத்துக்குப் போன் செய்தேன். அப்படி ஒரு புத்தகம் போட்டதே இல்லையாம்.

அக்டோபர் 22
டீச்சரிடம் தனியாகத்தான் சொன்னேன். முகம் கறுத்தது. லிஸ்டை ஏஐயிடம் கேட்டு எடுத்தாராம், சரிபார்க்க நேரமில்லையாம். மதியம் வகுப்பில் எல்லாரும் கேட்கச் சொன்னார்: “ரெஜிஷாவுக்குத் தேட மடி, சோம்பேறி. அதுக்கு அவ லிஸ்டைக் குற்றம் சொல்லுதா.”

ரேஷ்மி குனிந்துகொண்டாள். பதிப்பகத்தில் சொன்னது வரை அவளுக்கு எல்லாம் தெரியும்.

நவம்பர் 26
ரேஷ்மி எழுதி முடித்து, வாசிக்கத் தந்தாள். அந்தப் புத்தகத்தின் 118ஆம் பக்கத்தில் இருக்கிறதாம்: ‘மீனவர்கள் கடலை ஒட்டி வீடு கட்டியதே இழப்புக்குக் காரணம்.’ அதையும் ஏஐதான் கொடுத்திருக்கிறது.

கடலை ஒட்டியா? அப்பா வீடு கெட்டும்போ முன்னால ரோடு கெடந்துது. ரோட்டுக்கு அங்கால ரெண்டு வரிசை வீடு. அதுக்கும் அங்கால கரமடி வலை இழுக்க மணல் கெடந்துது. அதெல்லாம் போன பெறவாக்கும் கடல் எங்க முற்றத்துக்கு வந்தது. இவ கடலே இல்லாத செங்கல் ஊர்ல இருந்துகிட்டு என்னத்தக் கண்டா?

அந்த வரியை எடுக்கச் சொன்னேன். “நீயும் அப்பாவும் சொன்னா அது ரெஃபரன்ஸ் ஆவாது மக்கா,” என்றாள்.

நவம்பர் 29
ரேஷ்மி எடுக்கவில்லை. நானும் அவளோடு பேச்சை நிறுத்திவிட்டேன்.

2025 மார்ச் 11
வைவா. ஐந்து நூல்களும், வீடு போனவர்கள் என்னிடம் சொன்னதும் என் புராஜெக்டில் இருந்தன. ‘முக்கிய நூலைப் பார்க்கவில்லை’ என்று டீச்சர் குறித்திருந்தார். தட்டுத்தடுமாறிப் பாஸ். ரேஷ்மிதான் முதல். வீட்டில் அப்பா கேட்டார், பாஸ் என்று மட்டும் சொன்னேன். போதும் என்று வலையை எடுத்துக்கொண்டு போனார்.

ஜூலை 3
டி.சி. வாங்கக் காலேஜுக்குப் போனேன். ரேஷ்மியின் புராஜெக்டை நல்ல பைண்ட் போட்டு டிபார்ட்மென்டில் வைத்திருக்கிறார்கள். ஜூனியர் ஷிஜி அதைப் பார்த்து எழுதிக்கொண்டிருந்தாள். எங்கள் கரைப்பிள்ளை, வீடு போனபோது முகாமில் என் பக்கத்தில் படுத்தவள். எட்டிப் பார்த்தேன். அந்த வரிதான், பக்க எண்ணோடு.

“அப்படி ஒரு புத்தகமே கெடையாது மக்கா,” என்றேன்.

ரெஃபரன்ஸ் லிஸ்ட் இருந்த கடைசிப் பக்கத்தைத் திருப்பி, முதல் பெயரில் விரல் வைத்துக் காட்டினாள். “இதுல உண்டே அக்கா.”